ஒட்டி அனுப்பிய நான்காம் பக்கம்

நவம்பர் 6

அப்பாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. போன மாதம் போனைப் பட்டென்று வைத்தது நீங்களா நானா என்று கூட இப்போது நினைவில்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. தண்ணீர்ப் பொறியியல் படிக்க ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். குடிக்கும் தண்ணீரைச் சுத்தம் செய்வது, சாக்கடைக்குப் போகும் தண்ணீரைத் திரும்ப எடுப்பது, குழாய் எங்கே எவ்வளவு சாய்வாகப் போக வேண்டும் என்று பார்ப்பது, இதெல்லாம் அதில் வரும். மதிப்பெண்ணுக்கு இடம் கிடைத்துவிடும் என்கிறார்கள். கட்டணம்தான் நம் கைக்கு எட்டாது. அம்மா மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று வாங்கும் சம்பளம் வாடகைக்கும் வயிற்றுக்கும் சரியாகப் போகிறது.

அந்தக் கல்லூரியில் நிதியுதவி என்று ஒன்று உண்டு. குடும்ப வருமானத்தைப் பார்த்து, இவர்களால் இவ்வளவுதான் கட்ட முடியும் என்று கணக்குப் போட்டு, மிச்சத்தைக் கல்லூரியே ஏற்றுக்கொள்ளும். அது கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் மருந்துக் கடையில் அம்மாவுக்குப் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் இருப்பதாகக் கடைக்காரர் இப்போதே சொல்லிவிட்டார்.

எட்டுப் பக்கப் படிவம். முதல் பக்கத்திலேயே, பெற்றோர் சேர்ந்து வாழ்கிறார்களா, பிரிந்து வாழ்கிறார்களா என்று இரண்டு கட்டம். நாலு வருஷமாக நீங்கள் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. எதில் குறி போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "நாங்க எப்ப பிரிஞ்சோம்? அவரு வேலைக்குப் போயிருக்காரு. சேர்ந்துன்னு போடு" என்றாள். போட்டுவிட்டேன். ஆகவே உங்கள் சம்பளமும் சேர்த்தி. மூன்றாம் பக்கமும் நான்காம் பக்கமும் உங்களுக்கு. உங்கள் வேலை, சம்பளம், கையெழுத்து. மையில்தான் எழுத வேண்டும், பென்சில் கூடாது.

இருபத்தைந்தாம் தேதிக்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும். எங்கள் பள்ளியில் மேற்படிப்பு விஷயங்களைக் கவனிக்கும் மேடம் ஒருவர் இருக்கிறார். வாயைத் திறந்தால் தேதிதான் வரும். பிள்ளைகள் அவருக்குக் காலண்டர் மேடம் என்று பெயர் வைத்திருக்கிறோம். இருபதாம் தேதி தன் மேஜைக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். இந்த ஒரு விஷயத்திலாவது நாளைக் கடத்தாதீர்கள்.

உங்கள் மகள்


நவம்பர் 14

என் பட்டாணிக்கு,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஏதோ அரசாங்க நோட்டீஸ் என்று நினைத்துவிட்டேன். உள்ளே பிரித்தால் அதைவிடக் கறாராக இருக்கிறது. பெற்ற அப்பனுக்கு 'மையில்தான் எழுத வேண்டும், பென்சில் கூடாது' என்று கட்டளை! வாயாடியாகத்தான் வளர்ந்திருக்கிறாய். சந்தோஷம்.

தண்ணீர்ப் பொறியியல் என்றால் என்ன என்று இங்கே நாலு பேரிடம் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அப்படியானால் நல்ல படிப்பாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீரைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். இந்த ஓட்டலில் முந்நூறு அறை. முந்நூறு அறைகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் தினமும் எங்கள் சலவைப் பிரிவுக்குத்தான் வருகின்றன. மூன்று முறை அலசிய பிறகு வெளியேறும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அதை அப்படியே சாக்கடைக்கு விடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். நீ படித்துவிட்டு வந்து முதலில் இதற்கு ஒரு வழி சொல்லு.

பதினோரு பேர் வேலை பார்க்கும் இடம். மேற்பார்வையாளர் என்றால் நாற்காலியில் சாய்ந்துகொண்டு விரலை நீட்டுகிறவர் என்று உன் அம்மா நினைத்துக்கொண்டிருப்பாள். அப்படியெல்லாம் இல்லை. இஸ்திரி உருளைக்குள் ஈர விரிப்பை விடும்போது இந்த மூலையை ஒருவர், அந்த மூலையை ஒருவர் பிடித்து ஒரே நேரத்தில் கையை விட வேண்டும். விரல் அகலம் பிந்தினாலும் மடிப்பு விழும். மடிப்பு விழுந்தால் மறுபடியும் தண்ணீருக்குப் போக வேண்டும். இதையெல்லாம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா? கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே. மணிக்கட்டில் ஆவி பட்டு லேசாகக் கொப்புளம்.

உன் படிவத்தை நிமிர்ந்து உட்கார்ந்து நிரப்பியிருக்கிறேன். நான்காம் பக்கத்தை மடித்து ஓரத்தில் பசை தடவி ஒட்டியிருக்கிறேன். அது கல்லூரிக்கும் எனக்கும் உள்ள விஷயம். நீங்கள் பிரிக்க வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் அப்பாவின் பக்கத்தைப் படித்தால் அந்த அலுவலகத்தில் உன்னை லேசாக எடைபோட மாட்டார்கள்.

அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா


நவம்பர் 22

அப்பாவுக்கு,

பத்தொன்பதாம் தேதியே வந்துவிட்டது. காலண்டர் மேடம் தேதியைப் பார்த்து, "பரவாயில்லையே, உங்கப்பா சொன்ன நாளுக்கு முந்தி அனுப்புற ஆளு போல" என்றார். சிரிப்பை அடக்குவது கஷ்டமாக இருந்தது.

எட்டுப் பக்கமும் போய்விட்டது. நான்காம் பக்கத்தை நாங்கள் பிரிக்கவில்லை. அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை என்று கீழே வைத்துவிட்டாள்.

முட்டிவலி அப்படியேதான். நின்று நின்று வந்த வலி, நிற்பதை விட்டால்தான் போகும். மருந்துக் கடையில் இருந்துகொண்டு தனக்கு ஒரு மாத்திரை எடுத்துக்கொள்ள மாட்டாள். நீங்கள் கேட்டதாகச் சொல்லவில்லை. யார் கேட்டது என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

நன்றி, அப்பா.

மகள்


ஜனவரி 19

அப்பாவுக்கு,

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. நிதியுதவி கிடையாது.

நிதியுதவி அலுவலகத்தின் கடிதத்தில் காரணத்தையும் எழுதியிருக்கிறார்கள். தந்தையின் மாத வருமானம் இவ்வளவு, தாயின் மாத வருமானம் இவ்வளவு, இரண்டையும் சேர்த்தால் இந்தக் குடும்பத்தால் முழுக் கட்டணமும் கட்ட இயலும், ஆகவே உதவி தேவைப்படவில்லை என்று கருதுகிறோம். உங்கள் பெயருக்கு நேரே இருந்த எண்ணை மூன்று முறை படித்தேன். ஒரு சைபர் தவறி விழுந்துவிட்டதோ என்று பார்த்தேன். எழுத்திலும் போட்டிருந்தார்கள். அம்மா சம்பளத்தைப் போல மூன்று பங்கு.

அப்படியானால் எனக்கு ஒரு கேள்வி. இவ்வளவு சம்பாதிக்கிறவர் ஏன் எங்களுக்கு அவ்வளவு கொஞ்சம் அனுப்பினீர்கள்? இரண்டு குளிர்காலமாக அம்மா ஒரே ஸ்வெட்டரைத் தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று வாடகை கேட்கும்போது நான் பாத்திரம் கழுவுகிற மாதிரி குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். 'இந்த மாதம் கொஞ்சம் நெருக்கடி' என்று எழுதி அனுப்புவீர்கள். எது நெருக்கடி? பணம் யாருக்குப் போகிறது? இதைக் கேட்கவே எனக்கு அசிங்கமாக இருக்கிறது. ஆனால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அம்மா அந்தக் கடிதத்தைப் படித்தாள். மடித்து உறைக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து, செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "நல்லா இருக்கட்டும். நமக்குத்தான் தெரியாமப் போச்சு" என்றாள். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நாலு வருஷமாக உங்களைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் மேல் பாய்கிறவள் அவள். எல்லாரிடமும் 'எங்க வீட்டுக்காரரு மேற்பார்வையாளரு' என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

மேல்முறையீடு செய்யலாம். பிப்ரவரி ஐந்தாம் தேதி கடைசி. காலண்டர் மேடம் இரண்டு தாள் கொடுத்திருக்கிறார். இரண்டையும் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன்.

முதல் தாள், நீங்கள் இந்தக் குடும்பத்தோடு வசிக்கவில்லை, எங்கள் செலவுக்கு நீங்கள் பொறுப்பு இல்லை என்ற உறுதிமொழி. நீங்கள் அதில் கையெழுத்துப் போட்டால் உங்கள் சம்பளத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். அம்மாவின் வருமானம் மட்டும்தான் நிற்கும். முழு உதவியும் கிடைக்கும் என்று மேடம் சொல்கிறார். "நாலு வருஷமா வீட்டுப் பக்கமே வராதவரு. இதுல என்னம்மா பொய் இருக்கு?" என்று கேட்டார்.

இரண்டாவது தாள், வருமானத்தைத் தவறாகக் குறிப்பிட்டிருந்தால் சம்பளச் சீட்டோடு திருத்தம் கேட்பது. அது உங்களுக்குத் தேவைப்படாது.

முதல் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அம்மாவிடம் இதைப் பற்றிச் சொல்லவில்லை.

மகள்


ஜனவரி 27

அப்பாவுக்கு,

இன்னும் ஒன்பது நாள். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆள் இல்லை. கோபம் இருந்தால் பிறகு வைத்துக்கொள்ளலாம். நானும் என் கோபத்தை எடுத்து வைத்திருக்கிறேன், கெட்டுப்போகாது. முதலில் தாளை அனுப்புங்கள்.

மகள்


ஜனவரி 31

பட்டாணி,

உன் இரண்டாவது கடிதம் வருவதற்குள் நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். நாலிலும் நான் நல்லவனாக இருந்தேன். இது ஐந்தாவது. இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

நான் மேற்பார்வையாளர் இல்லை. ஒரு நாள் கூட இருந்ததில்லை. இஸ்திரி உருளைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவன் நான். அந்தப் பக்கம் நெட்டையன் என்று ஒருவன். அவன் ஒரு மூலை, நான் ஒரு மூலை. காலை ஆறு மணி முதல் மாலை மூன்று வரை விரிப்புகளை விட்டுக்கொண்டே இருப்போம். கொப்புளம் சொல்லிக்கொடுத்து வந்தது அல்ல.

இங்கே சேர்ந்த ஆறாவது மாதம் மேற்பார்வையாளர் வேலை காலியானது. உனக்குத்தான் என்று மேலாளர் என் தோளில் தட்டினார். தட்டிய தோள் சூடு ஆறுவதற்குள் உன் அம்மாவுக்குப் போன் செய்து, ஆகிவிட்டேன் என்று சொன்னேன். ஆகப்போகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். என் படச்சட்டக் கடை நொடித்துப் போன பிறகு அவள் குரல் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. அடுத்த வாரம் அந்த வேலை வேறு ஒரு பெண்ணுக்குப் போனது. அதற்குள் உன் அம்மா மருந்துக் கடை முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நாலு வருஷம் ஆயிற்று. வந்தால் மேற்பார்வையாளராக வர வேண்டும். அதற்குத் தகுந்த சட்டை கூட என்னிடம் இல்லை. அதனால்தான் வரவில்லை.

படிவத்தில் ஏன் அவ்வளவு பெரிய தொகை என்று கேட்பாய். சிரிக்காதே. படம் மாட்டும் சட்டம் செய்து விற்ற காலத்தில் கடைக்காக இரண்டு முறை கடன் கேட்டு ஏறி இறங்கியிருக்கிறேன். முதல் முறை உண்மையான வருமானத்தைச் சொன்னேன், 'உனக்குக் கொடுத்தால் எப்படித் திரும்பி வரும்' என்று துரத்திவிட்டார்கள். இரண்டாவது முறை சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, வருமானத்தை இரண்டு பங்காகச் சொன்னேன். நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கொடுத்தார்கள். கேட்கப் போகிற இடத்தில் வசதியைக் காட்டினால்தான் கை நீளும் என்பது நான் பட்டுக் கற்றது. இல்லை என்று சொல்கிறவனுக்குக் கொடுக்கிற இடமும் உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீ உன் கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தாய். நான் அதைப் படித்துவிட்டு, பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். உன் படிப்பைக் கெடுக்க நினைக்கவில்லை. உனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னேன், அவ்வளவுதான்.

பணம் யாருக்குப் போகிறது என்று கேட்டிருந்தாய். ஒருவருக்கும் இல்லை. நீ கேட்டது சரிதான். உன் இடத்தில் நான் இருந்தாலும் கேட்பேன். ஆனால் அந்த ஒரு வரியை நான் படித்த நாளில் நெட்டையன் இரண்டு முறை, "என்னண்ணே, மூலையை விடுங்க, மூலையை விடுங்க" என்று கத்தினான். பதினெட்டு விரிப்பில் மடிப்பு.

சம்பளச் சீட்டு நகல் வேண்டுமானால் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பெண்ணிடம் போய் நின்றேன். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். முழுக்கச் சொன்னேன். "நாலு வருஷமா என் வேலைய நீங்க பாத்துட்டு இருந்திருக்கீங்க. சொல்லியிருந்தா நான் பாதி நாள் லீவு போட்டிருப்பேனேண்ணே" என்றாள். பிறகு ஆறு மாதச் சீட்டையும் தானே நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் முத்திரை வைத்துக் கொடுத்தாள். மதியம் டீயும் வாங்கிக் கொடுத்தாள்.

இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் செலவுக்கு நான் பொறுப்பு இல்லை என்று சொல்லும் தாளில் போடுவதற்குக் கை வரவில்லை. இருந்தாலும் போட்டுவிட்டேன். முழு உதவி நிச்சயம் என்று மேடம் சொன்னது அதுதானே? அதையே அனுப்பு. என்னை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடு. உனக்கு மேடத்தின் பேச்சு நம்பிக்கையாக இருக்கிறது என்றால் எனக்கும் அதுதான். இரண்டாவது தாளையும் சீட்டுகளையும் நீ நம்பவேண்டும் என்பதற்காக வைத்தேன். பார்த்துவிட்டுக் கிழித்துப் போடு. அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம்.

அப்பா


பிப்ரவரி 3

அப்பாவுக்கு,

நேற்று மாலை வந்தது. இன்று காலை முதல் மணிக்கே மேடத்திடம் கொடுத்துவிட்டேன். இரண்டாவது தாளைக் கொடுத்தேன்.

மேடம் திட்டினார். "ரெண்டுலயும் கையெழுத்து இருக்கு. எது நிச்சயமோ அத விட்டுட்டு எது சந்தேகமோ அத அனுப்புறியே. மூணு மாசத்துல சம்பளம் எப்படிக் குறைஞ்சுதுன்னு அவங்க கேக்க மாட்டாங்களா? மறுபடியும் இல்லன்னு சொல்லிட்டா இன்னொரு தடவ கேக்க முடியாது, தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன்.

நான் நல்ல பிள்ளை என்பதற்காகச் செய்யவில்லை. முதல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தேன். ஆசையாகத்தான் இருந்தது. 'எங்கள் செலவுக்கு இவர் பொறுப்பு இல்லை' என்பதற்குக் கீழே உங்கள் கையெழுத்து. நாலு வருஷமாக என் மனசுக்குள் நான் அதையேதான் எழுதி வைத்திருந்தேன். அதை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியபோது எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. வேலையைப் பற்றிச் சொன்ன பொய்க்கு அல்ல. இஸ்திரி போடுகிறவர் என்று சொன்னால் அம்மா உங்களை வீட்டுக்குள் விடமாட்டாள் என்று நினைத்தீர்களே, அதற்கு. நாங்கள் அவ்வளவு மோசமானவர்களா?

பள்ளியில் நானும் அப்பா மேற்பார்வையாளர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பேர் முன்னால் மேடம் சத்தமாகச் சீட்டைப் படித்தார். 'பதவி: சலவைப் பிரிவு, இஸ்திரி.' காது சூடாகிவிட்டது. ஆனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் அவரவர் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதில் வர ஆறு வாரம் ஆகலாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

மகள்


பிப்ரவரி 12

பட்டாணி,

என்ன காரியம் செய்தாய்! முழு உதவி கையில் இருந்ததை விட்டுவிட்டு என்னை இழுத்து வைத்துக்கொண்டாயே. பேராசைக்காரி என்று உன்னைத் திட்டவும் முடியாது, எதற்கு ஆசைப்பட்டாய் என்று சொல்லவும் முடியாது. நெட்டையனிடம் சொன்னேன். அவன், "வீட்டுல ஒரு ஆளாவது உங்கள மாதிரி இல்லாம இருக்கே, சந்தோஷப்படுங்கண்ணே" என்கிறான்.

கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பதையும் யோசித்துவிட்டேன். மாலையில் இன்னொரு வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவும் ஓட்டலில்தான், பாத்திரம் கழுவுகிற இடத்தில். ஒரு வருஷம் போனால் முதல் வருஷக் கட்டணத்தில் கொஞ்சமாவது தேறும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இனி எது செய்தாலும் அப்படியே எழுதுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். பழக்கம் இல்லாததால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

நீங்கள் மோசமானவர்கள் இல்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

அப்பா


மார்ச் 20

அப்பா,

கிடைத்துவிட்டது. முதலில் இதைப் படித்துவிட்டு உட்காருங்கள். மிச்சம் நிறைய இருக்கிறது.

முழுதாக இல்லை. கட்டணத்தில் ஆறில் ஐந்து பங்கைக் கல்லூரி ஏற்றுக்கொள்கிறது. மிச்சத்துக்கு அவர்களுடைய ஆய்வுக்கூடத்தில் வாரம் எட்டு மணி நேரம் வேலை. கண்ணாடிக் குடுவை கழுவும் வேலை. எனக்கும் கழுவுகிற வேலைதான் வாய்த்திருக்கிறது. நீங்கள் பாத்திரம் கழுவ வேண்டாம். சொல்லி வைத்த இடத்தில் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். மேடம் பயந்த மாதிரியே அலுவலகத்துக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. போன மாதக் கடைசியில் அம்மா பெயருக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டார்கள். எனக்கு அல்ல, அம்மாவுக்கு. நான் பள்ளியில் இருந்தேன். உங்கள் ஆறு சம்பளச் சீட்டும் நகலாக உள்ளே இருந்திருக்கின்றன. 'உங்கள் கணவர் அனுப்பியிருக்கும் இந்தச் சீட்டுகள் உண்மையா, இதிலிருந்து அவர் மாதம் எவ்வளவு வீட்டுக்கு அனுப்புகிறார்' என்று கேட்டிருந்தார்கள்.

நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா வேலைக்கே போகவில்லை. மேஜை மேல் சீட்டுகளை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தாள். நீங்கள் பணம் அனுப்பும்போது வரும் ரசீதுகளை மருந்து அட்டைப்பெட்டி ஒன்றில் போட்டு வைத்திருக்கிறாள். நாலு வருஷத்து ரசீது, ஒன்று விடாமல். எனக்கே அது தெரியாது. ஒவ்வொரு சீட்டுக்குப் பக்கத்திலும் அந்த மாதத்து ரசீதை வைத்துக்கொண்டிருந்தாள். நான் பயந்துகொண்டே நடந்ததை எல்லாம் சொன்னேன். உங்கள் ஜனவரிக் கடிதத்தையும் கொடுத்தேன். படித்தாள். மேற்பார்வையாளர் விஷயம் வந்த இடத்தில், "இதச் சொல்றதுக்கா நாலு வருஷம்? சரியான மனுஷன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். நான் எதிர்பார்த்த புயல் எதுவும் வரவில்லை.

பிறகு அலுவலகத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். என்னை எழுத விடவில்லை. 'சீட்டு உண்மை. அவர் வாங்குவதில் நாலில் மூன்று பங்கை வீட்டுக்கு அனுப்புகிறார், ரசீது இணைத்துள்ளேன். நாங்கள் சேர்ந்துதான் வாழ்கிறோம்' என்று தன் கையாலேயே எழுதினாள். அதைத்தான் அவர்கள் நம்பியிருக்கிறார்கள். உதவி கிடைத்த கடிதத்தில் 'தாயின் விளக்கத்தின் அடிப்படையில்' என்று இருக்கிறது.

ஜூன் இரண்டாம் தேதி சேர்க்கை. பெற்றோர் வரவேண்டும் என்று போட்டிருக்கிறது. ஒருவர் வந்தால் போதுமா என்று மேடத்திடம் கேட்டேன். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "எதுக்குக் கேட்ட? ரெண்டு பேரும்தான் வர்றோம்" என்றாள். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். மேற்பார்வையாளர் அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அன்று பதிலை உறையில் போட்டு ஒட்டிய பிறகும் அம்மா அந்த மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு சீட்டை எடுப்பாள், ரசீதைப் பார்ப்பாள், கீழே வைப்பாள். மருந்துக் கடையில் மனக்கணக்காகவே பில் போட்டுப் பழகியவள். அவளுக்குக் கழிக்கத் தெரியாதா? கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "இவ்வளவும் இங்க அனுப்பிட்டு, அந்த மனுஷன் என்னத்தச் சாப்பிட்டாரு?"

எனக்குத் தெரியாது என்றேன். மூன்று வாரமாகத் தினமும் கேட்கிறாள். அவளுக்கே நேராக ஒரு கடிதம் எழுதுங்கள், அப்பா. நன்றாகத்தான் சாப்பிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

உங்கள் மகள்